எட்டு ஐந்து நாற்பது

இடது கையில் மாமியாரின் பால் கோப்பை, வலது கையில் சிவப்புப் பேனா. மடியில் ஒரு நோட்டு, காலடியில் நாற்பத்தோரு நோட்டு. மாமியார் ஒரு வாய் உறிஞ்சி விழுங்குவதற்குள் கணக்கு டீச்சர் ஒரு பக்கத்தைத் திருத்திவிடுவார். பால் உதட்டோரம் வழிந்தால் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே துண்டால் ஒற்றி எடுப்பார். கோப்பையைச் சாய்க்கும் அளவு ஒருநாளும் தப்பாது. நோயாளிக்கு ஊட்டத் தெரிந்தவர்களை என் வேலையில் நான் அதிகம் பார்த்ததில்லை. பாதிப் பேர் புரையேற வைத்துவிடுவார்கள். இவரைப் பார்த்த முதல் நாளே, இந்த வீட்டில் வேலை செய்யலாம் என்று முடிவு செய்துகொண்டேன்.

மாமியாருக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. பகலில் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். காலை ஏழு மணிக்குப் போய் மாலை ஆறு மணிக்குத் திரும்புவேன். டீச்சர் பள்ளிக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம், வந்த பிறகு ஒன்றரை மணி நேரம் நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில் இருப்போம். இதில் எழுதியிருப்பது அந்த அறையில் நான் பார்த்ததும், அவர் வாயால் சொல்லக் கேட்டதும்தான்.

டீச்சருக்கு ஐம்பத்திரண்டு வயது. அதே பள்ளியில் இருபத்தாறு வருடம். அதில் பதினேழு வருடம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு. கவராயம் இல்லாமல் கரும்பலகையில் வட்டம் போடுவார், அளந்து பார்த்தாலும் பிசகாது. விடைக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போடாத பிள்ளைக்கு அரை மதிப்பெண் குறைப்பார். அதனால் பள்ளியில் அவருக்குப் பெயர் ஸ்கேல் டீச்சர். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த வருடம் பள்ளி திறந்தபோது இரண்டு புது வரவுகள். ஒன்று, ஒன்பதாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளிலும் சுவரில் மாட்டிய தொடுதிரைப் பலகை. ஸ்மார்ட் போர்டு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இன்னொன்று, பி பிரிவுக்குக் கணக்கு எடுக்க வந்த இருபத்தெட்டு வயதுப் பெண். ஏ பிரிவு நம் டீச்சருடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்.

முதல் வாரமே அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. இரண்டாம் வாரத்தில் கைதட்டல் வந்தது. என்றோ ஒருநாள் அல்ல, தினமும் ஒரு தடவை.

"கணக்குப் பாடத்துல கைதட்ட என்ன இருக்கு நர்சம்மா?" என்று டீச்சர் என்னிடம் கேட்டார். "பாடம் நடத்துறாளா, வித்தை காட்டுறாளா?"

"போய்ப் பார்த்தா தெரிஞ்சிடும்."

"நான் எதுக்குப் போகணும்? எனக்கென்ன தலையெழுத்தா?"

போனார். குடிதண்ணீர்க் குழாய் பி பிரிவைத் தாண்டி இருந்தது. ஒரே பாடவேளையில் மூன்று முறை தண்ணீர் குடிக்கப் போனதாக அவரே சொன்னார். மாமியார் அதைக் கேட்டுவிட்டு, "ஒரு மணி நேரத்துல மூணு தடவ தண்ணியா? இவளுக்குச் சர்க்கரை இருக்கான்னு பாருங்க நர்சம்மா" என்றார்.

மூன்று முறையும் கண்டது ஒன்றுதான். திரையில் ஒரு முக்கோணம் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. நாற்பது பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புது டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். "சும்மா நிக்கிறா நர்சம்மா. நான் நாப்பது நிமிஷம் தொண்டை கிழியக் கத்துறேன். அவ சும்மா நிக்கிறா."

அன்றிலிருந்து மாமியார் அந்தப் பெண்ணுக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்துவிட்டார். டீச்சர் மாலையில் செருப்பைக் கழற்றும்போதே, "உன் சக்களத்தி இன்னைக்கு என்ன பண்ணினா?" என்று கேட்பார். டீச்சர் "சும்மா இருங்க அத்தை" என்பார். அடுத்த நிமிடமே சொல்ல ஆரம்பிப்பார். சக்களத்தியின் கையெழுத்து கோணல். சக்களத்தி நோட்டுத் திருத்துவதில் சோம்பேறி. சக்களத்தி 'அக்கா' என்று கூப்பிடுகிறாள்.

"மேடம்னு கூப்பிட்டா எட்ட நிறுத்தி வைக்கலாம். அக்கா, அக்கான்னு வந்து ஒட்டுறா. டப்பாவைத் திறந்தா முதல்ல எனக்குத்தான் நீட்டுறா. எனக்கு இறங்க மாட்டேங்குது."

உண்மையில் அவருக்கு எதுவுமே இறங்கவில்லை. மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். நெஞ்செரிச்சல் என்று மாத்திரை கேட்டார். இரண்டு வாரம் கொடுத்தேன், குறையவில்லை. ஏ பிரிவுப் பெண் ஒருத்தியின் அம்மா தலைமை ஆசிரியையிடம் போய், மகளை பி பிரிவுக்கு மாற்ற முடியுமா என்று கேட்ட அன்றைக்கு எரிச்சல் அதிகம் என்றார். அந்த அம்மா இவரிடமே படித்தவர். அதோடு மாத்திரை கொடுப்பதை நிறுத்திவிட்டேன். வயிற்றில் கோளாறு இருந்தால்தான் மாத்திரை வேலை செய்யும்.

பலகையைப் பழக இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் "ரொம்ப ஈஸி மேடம்" என்று முடித்தாராம். இவர் ஒரு நோட்டுப் போட்டு, சுவரில் சுவிட்சைப் போடுவதிலிருந்து அணைப்பது வரை முப்பத்தோரு படிகளாக எழுதிக்கொண்டு வந்தார். கரும்பலகைப் பழக்கத்தில் எழுதும்போது உள்ளங்கையின் ஓரத்தைத் திரையில் ஊன்றுவார். திரை அதையும் ஒரு விரல் என்று எடுத்துக்கொண்டு குறுக்கே ஒரு கோட்டை இழுத்துவிடும். அதை அழிக்கப் போனால் பக்கமே மாறிவிடும். பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள். ஏ பிரிவில் யாரும் சிரிப்பதில்லை. நாற்பத்திரண்டு பிள்ளைகளும் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சிரித்திருந்தாலே தேவலை என்று இருந்ததாம்.

வருடக் கடைசி நெருங்கியபோது தலைமை ஆசிரியை இருவரையும் அறைக்கு அழைத்தார். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பிலும் இதே பலகை வரப்போகிறது. ஆளுக்கு ஒரு பாடம் பலகையில் நடத்திக் காட்ட வேண்டும். பார்த்துவிட்டு, பத்தாம் வகுப்புக் கணக்கு யாருக்கு என்று முடிவு செய்வார். சொந்தப் பிள்ளைகள் என்றால் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுவார்கள் என்பதால் வகுப்பை மாற்றி நடத்த வேண்டும். இவர் பி பிரிவுக்கு, அவள் ஏ பிரிவுக்கு. மூன்று வாரம் அவகாசம்.

அன்று மாலை டீச்சர் கைகால் கழுவாமல் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"பதினேழு வருஷம் நர்சம்மா. பத்தாம் வகுப்ப எடுத்துட்டா நான் அங்க யாரு?"

"ஒன்பதாம் வகுப்பு டீச்சர்," என்றார் மாமியார்.

"அத்தை."

"நீ கேட்ட, சொன்னேன்."

மறுநாளிலிருந்து வீட்டில் பயிற்சி. கணவர் அச்சகத்தில் வேலை செய்பவர். அவருடைய பழைய தொடுதிரை லேப்டாப்பை முன்னறை டிவியோடு இணைத்துக் கொடுத்தார். மாமியாரின் கட்டில் அதே அறையில்தான் இருந்தது. மாலை நாடகம் பார்க்கும் நேரத்தில் டிவியில் நாற்கரங்கள் வந்தன. எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சுழன்று வந்து விழுந்தன. மாமியார் கண்ணை மூடிக்கொண்டு, தலை சுற்றுகிறது என்றார். இரத்த அழுத்தம் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

நான் மாமியாரின் இடது கையில் ரப்பர் பந்தை வைத்து அமுக்கப் பழக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் டீச்சர் உள்ளங்கையைத் தூக்கிக்கொண்டு விரல் நுனியால் இழுக்கப் பழகினார். "எனக்குக் கை வரல, இவளுக்கு விரல் வரல. ரெண்டு பேருக்கும் ஒரே நர்ஸ் போதும்," என்றார் மாமியார். விரல் மெல்ல வந்தது, மறுக்க முடியாது. இரண்டு வாரத்தில் முப்பத்தோரு படிகளையும் நோட்டுப் பார்க்காமல் செய்தார். ஆனால் அவர் செய்த பாடம் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. ஓரமெல்லாம் பூ வேலை, நடுவில் சூத்திரம். அது அவருக்கே தெரிந்தது. "அவளோடது இப்படி இருக்காது," என்று சொல்லிச் சொல்லி அழித்தார்.

அதற்கடுத்து அவர் செய்ததை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பாடம் நடத்திக் காட்ட ஆறு நாள் இருக்கும்போது, பள்ளி விட்ட பிறகு பி பிரிவுக்குப் போனார். அந்த வகுப்புப் பலகையில் பழகிப் பார்க்கத்தான் போனேன் என்றார். நம்புகிறேன். புது டீச்சர் தன் கணக்கிலிருந்து வெளியேறாமல் வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் செய்த பாடங்களெல்லாம் திரையில் வரிசையாக நின்றன. அடுத்த வாரம் நடத்த வைத்திருந்த இணைகரத்தின் பரப்பளவும் அதில் இருந்தது. இவருக்குக் கொடுத்திருந்த பாடமும் அதேதான். பென் டிரைவ் கைப்பையில் இருந்தது. எடுத்துக்கொண்டார்.

வீட்டு டிவியில் அதைப் போட்டபோது மாமியார்கூட வாயை மூடிக்கொண்டு பார்த்தார். சாய்ந்து நிற்கும் ஒரு நாற்கரம். அதன் இடப்பக்கத்திலிருந்து ஒரு முக்கோணம் வெட்டிக்கொண்டு நகர்ந்து போய் வலப்பக்கம் ஒட்டியது. செவ்வகம் ஆகிவிட்டது. எனக்குக்கூட விளங்கியது.

"இது நல்லா இருக்கே. நீ பண்ணினதா?" என்றார் மாமியார்.

"பின்ன யாரு?" என்றார் டீச்சர், திரும்பாமல்.

ஆறு நாளும் அதையேதான் பழகினார். எந்த இடத்தில் தட்டினால் எது நகரும், எத்தனையாவது தட்டலுக்கு நின்று பேச வேண்டும், எங்கே கையைத் தூக்க வேண்டும். ஆறாவது தட்டலுக்கு முக்கோணம் நகரும். ஒன்பதாவது தட்டலுக்கு மாதிரிக் கணக்கு வரும். அடிப்பக்கம் எட்டு, சாய்ந்த பக்கம் ஐந்து, உயரம் நான்கு. பத்தாவது தட்டலுக்கு விடை. எட்டு ஐந்து நாற்பது. இருபது முறையாவது கேட்டிருப்பேன். எட்டு ஐந்து நாற்பது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

பாடம் நடத்தும் நாள் வந்தது. பி பிரிவின் கடைசி பெஞ்சில் தலைமை ஆசிரியையும் புது டீச்சரும் உட்கார்ந்தார்கள். அவளும் வருவாள் என்று நம் டீச்சருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. டீச்சருக்கு உள்ளங்கை வியர்த்தது, ஆனால் திரையில் படவில்லை. ஆறாவது தட்டலுக்கு முக்கோணம் நகர்ந்தது. பிள்ளைகள் "ஓ" என்றார்கள். ஒன்பதாவது தட்டல். பத்தாவது தட்டல்.

"அடிப்பக்கம் எட்டு, பக்கம் ஐந்து. எட்டு ஐந்து நாற்பது," என்றார்.

வகுப்பு முழுக்கக் கைதட்டியது.

இருபத்தாறு வருடத்தில் அவருக்கு விழுந்த முதல் கைதட்டல். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எட்டு மாதம் கேட்டது, இப்போது நேராக முகத்தில் வந்து விழுந்தது. உள்ளங்காலில் இருந்து சிலிர்த்தது என்றார். சிரித்துக்கொண்டே பதினோராவது தட்டலுக்குக் கையைத் தூக்கினார். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"கொசு அடிச்சாச்சு மிஸ். நாப்பது இல்ல, முப்பத்திரண்டு. சாஞ்ச பக்கத்தால பெருக்கக் கூடாது, உயரத்தாலதான் பெருக்கணும்."

டீச்சர் திரையைப் பார்த்தார். பாடத்தை எடுத்த நாளிலிருந்து அப்போதுதான் அதில் இருந்த கணக்கைப் படித்தார். இணைகரத்தின் பரப்பளவு என்பது அடிப்பக்கம் பெருக்கல் உயரம். எட்டு நான்கு முப்பத்திரண்டு. சாய்ந்த பக்கத்தால் பெருக்குவது ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் செய்யும் தவறு. அதற்கு எத்தனை ஆயிரம் சுழி போட்டிருப்பார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தட்டல்களை எண்ணிக்கொண்டிருந்தவர் கணக்கைப் பார்க்கவில்லை.

"அது என்ன கொசு?" என்று பின்னாலிருந்து தலைமை ஆசிரியை கேட்டார்.

"பாடத்துல ஒரு தப்பு ஒளிஞ்சிருக்கும் மேடம். கண்டுபிடிச்சவங்க கொசு அடிக்கிற மாதிரி கையத் தட்டணும்," என்றாள் அந்தப் பெண்.

தலைமை ஆசிரியையின் முகம் மலர்ந்தது. டீச்சரைப் பார்த்து, "வேணும்னே தப்பு வச்சீங்களா? இத்தனை வருஷம் இதெல்லாம் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? உங்க யோசனையா?" என்றார்.

டீச்சரின் தலை ஆடியது. நான் ஆட்டவில்லை, தானாக ஆடியது என்றார். தலை தானாக ஆடும் நோய் ஒன்று இருக்கிறது. இவருக்கு அது இல்லை.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மீதித் தட்டல்களும் முடிந்து கடைசிப் பக்கம் வந்தபோது மணி அடித்துவிட்டது. புது டீச்சர் தன் கையிலிருந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பாடவேளை ஏ பிரிவில். இப்போது புது டீச்சர் திரையருகே, நம் டீச்சர் தலைமை ஆசிரியைக்குப் பக்கத்தில். பாடம் சரிவகம். முதலில் பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டைச் சொன்னாள். "நடுவுல ஒரு கொசு வரும், பார்த்தா தட்டுங்க." பிறகு படம் நகர்ந்தது, பாடம் நன்றாகப் போனது. மாதிரிக் கணக்கு வந்தது. இணைப் பக்கங்கள் ஆறும் நான்கும், உயரம் ஐந்து. கூட்டிப் பெருக்கி, பாதியாக்க வேண்டும். விடை இருபத்தைந்து. திரையில் ஐம்பது என்று வந்தது.

யாரும் தட்டவில்லை.

நாற்பத்திரண்டு பேரும் குனிந்து ஐம்பது என்று எழுதினார்கள். ஸ்கேல் எடுத்து அதன் கீழே இரண்டு கோடு போட்டார்கள். முதல் ரேங்க் வாங்கும் பெண்ணின் பேனா மட்டும் ஒரு நொடி நின்றது. அவள் தலையைத் திருப்பிக் கடைசி பெஞ்சில் இருந்த தன் டீச்சரைப் பார்த்தாள். பிறகு அவளும் ஐம்பது என்று எழுதினாள்.

"யாருக்கும் கொசு கண்ணுல படலையா?" என்று புது டீச்சர் இரண்டு முறை கேட்டாள். டீச்சர் என்பவர் சொன்னால் அது சரி. ஏ பிரிவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது அதுதான்.

வெளியே வந்ததும் தலைமை ஆசிரியை தாழ்வாரத்திலேயே சொல்லிவிட்டார். "இங்க பாரும்மா. மூத்தவங்க பண்ணினதப் பார்த்துட்டு, அடுத்த வகுப்புலேயே நீயும் பண்ணப் பார்க்கிறது நல்லா இல்ல. அவங்க நடத்தினப்ப அது எடுபட்டுச்சு. உன்கிட்ட எடுபடல. பிள்ளைங்க தப்ப எழுதிக்கிட்டுப் போறாங்க."

புது டீச்சர் நம் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று காத்திருந்தாள். இவர் கைப்பையில் எதையோ தேடினார். தேட ஒன்றும் இல்லை.

"பத்தாம் வகுப்பு உங்களுக்குத்தான். நாளைக்குப் பட்டியல்ல போட்டுடறேன்," என்று சொல்லிவிட்டுத் தலைமை ஆசிரியை போனார்.

ஆசிரியர் அறையில் அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னாளாம். அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை.

"அந்தப் பாடத்தோட கடைசிப் பக்கத்துல என் பேர் இருந்துச்சுக்கா. அதை மட்டும் கவனமா எடுத்திருக்கீங்க."

அன்று மாலை டீச்சர் வீட்டுக்கு வந்து, பத்தாம் வகுப்பு கிடைத்துவிட்டது என்று சொன்னார். பேருந்து தாமதம் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"சக்களத்திய ஜெயிச்சுட்டு வந்தவ மூஞ்சியா இது?" என்றார் மாமியார். "என்ன பண்ணித் தொலைச்ச?"

எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் நிறுத்தவில்லை. நான் மாமியாரின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.

"அந்தக் கைதட்டு எனக்கில்ல நர்சம்மா. கொசுவுக்கு. அந்தக் கொசுவும் என்னோடது இல்ல. வாழ்க்கையில ஒரு தடவ எனக்குன்னு தட்டினாங்கன்னு நினைச்சேன். அதுவும் அவளுக்குத்தான் போச்சு." நான் துடைத்த துணியை வாங்கிப் பிழிந்து கொடுத்தார். "நான் வாங்கின பேரைப் பார்த்து எனக்கே பொறாமையா இருக்கு. இப்படி யாருக்காவது இருக்குமா?"

"பி பிரிவுப் பிள்ளைங்க சும்மா இருப்பாங்களா? நாளைக்கே தெரிஞ்சிடும்," என்றார் மாமியார்.

"தெரியட்டும்னுதான் இருக்கு. ஆனா என் பிள்ளைங்க, அத்தை. நாப்பத்திரண்டு பேர். ஒருத்தர்கூடத் தட்டல. அதுதான் தாங்கல. அவ பிள்ளைங்களுக்குக் கண் இருக்கு. என் பிள்ளைங்களுக்கு ஸ்கேல் இருக்கு."

"சொன்னா பத்தாம் வகுப்பு போயிடுமா?"

"போயிடும்."

"அப்ப சொல்லாத."

டீச்சர் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க நர்சம்மா?"

"அந்தப் பக்கம் தோளைப் பிடிங்க. புரட்டணும்," என்றேன்.

பிடித்தார். இருவருமாகப் புரட்டினோம். மாமியார் சுவரைப் பார்த்தபடி, "இவ சொல்லிடுவா. எனக்குத் தெரியும். டிவிய மட்டும் எனக்குக் குடுத்துடு," என்றார்.

மறுநாள் காலை நான் ஏழு மணிக்குப் போனபோது டீச்சர் ஏற்கெனவே கிளம்பியிருந்தார். மாமியாருக்குப் பால் கொடுத்தாகிவிட்டது, மாத்திரைகள் எடுத்து வைத்தாகிவிட்டது.

தலைமை ஆசிரியையின் அறை திறக்கும்வரை வாசலில் நின்றிருக்கிறார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. பாடமும் கொசுவும் புது டீச்சருடையவை, கேட்காமல் எடுத்தேன், நேற்று கேட்டபோது பொய்யாகத் தலையாட்டினேன் என்று மூன்று வாக்கியம். தலைமை ஆசிரியை வெகுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு பட்டியலை எடுத்து, பத்தாம் வகுப்புக்கு நேரே இருந்ததை அடித்துவிட்டு மாற்றி எழுதினார். இவருக்குத் தலைகீழாக இருந்தாலும் படிக்க முடிந்தது.

ஆசிரியர் அறையில் புது டீச்சரிடம், "சொல்லிட்டேன்," என்றார்.

"எச்.எம். மேடம் கூப்பிட்டுச் சொன்னாங்க," என்றாள் அவள்.

அவ்வளவுதான் பேச்சு. அன்று அந்தப் பெண் 'அக்கா' என்று சொல்லவில்லை. எட்டு மாதம் எரிச்சலூட்டிய வார்த்தை வராமல் போனதும் டீச்சருக்கு எரிச்சலாகத்தான் இருந்ததாம்.

முதல் பாடவேளை ஏ பிரிவு. வருகைப் பதிவு எடுத்து முடித்ததும், "நேத்து சரிவகத்துக்கு ஐம்பதுன்னு எழுதினவங்க எழுந்திருங்க," என்றார். நாற்பத்திரண்டு பேரும் எழுந்தார்கள்.

"தப்புன்னு தெரிஞ்சும் எழுதினது யாரு?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முதல் ரேங்க் பெண் கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்து இன்னும் ஐந்து கைகள் எழுந்தன.

"ஏன் சொல்லல?"

"நீங்க பின்னாடி உட்கார்ந்திருந்தீங்க மிஸ்," என்றாள் அந்தப் பெண்.

எல்லோரையும் உட்காரச் சொன்னார். பலகையைப் போட்டார். யாருடைய பாடத்தையும் திறக்கவில்லை. உள்ளங்கையைத் தூக்கிக்கொண்டு, விரலால் வெறும் திரையில் ஒரு முக்கோணம் வரைந்தார். அடிப்பக்கம் பத்து, உயரம் ஆறு. கீழே பரப்பளவு அறுபது என்று எழுதினார். வேண்டுமென்றே தவறாக ஒரு விடையை எழுதியது பணியில் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. ஆறு கோணலாக விழுந்தது. அதை அவர் திருத்தவில்லை.

"இதுல ஒரு தப்பு இருக்கு. நான்தான் பண்ணினேன்," என்று சொல்லிவிட்டு, பேசாமல் ஓரமாக நின்றார்.

முதல் கைதட்டல் விழ ஏழு நிமிடம் ஆனது. அதுவும் ஒரு தட்டு, மேசைக்கு அடியிலிருந்து. யாரென்று தெரியவில்லை. "முப்பதா மிஸ்?" என்று நடுவரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. முப்பதுதான் என்று சொல்லி, பலகையில் மாற்றி எழுதினார். அவளாக இருந்தால் ஏழு நொடியில் தட்ட வைத்திருப்பாள் என்று அந்த நேரத்திலும் நினைத்தாராம். நினைத்துக்கொண்டே திரையைத் துடைத்துவிட்டு, அடுத்த தவறை எழுதப் பலகையின் பக்கம் திரும்பினார்.